மொரீஷியஸை வலம் வருதல்: சேலத்திலிருந்து சென்று தாமே கார் ஓட்டிச் சுற்ற விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

எரிமலைக் குழம்பு இறுகி உருவான ஒரு தீவைக் காரில் சுற்றுவதற்கு முன் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தத் திசையில் சுற்றுவது என்பதைத்தான். மொரீஷியஸில் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஆகவே திருவண்ணாமலையில் கிரிவலம் வருவதுபோல, தீவின் நடுவிலுள்ள மலைகளை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றினால், கடல் எப்போதும் உங்கள் இடப்பக்கத்தில், அதாவது வண்டியை ஓரங்கட்டும் பக்கத்திலேயே இருக்கும். அழகான ஓர் இடத்தைக் கண்டு நிறுத்த நினைத்தால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. மறுபடி புறப்படும்போதும் அப்படியே நேராகச் சாலையில் சேர்ந்துகொள்ளலாம். குறுகலான கடற்கரைச் சாலைகளில் இந்த ஒரு முடிவு நாள் முழுவதும் உங்களைக் காப்பாற்றும். விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருப்பதால், தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்ற வரிசையில் வலம் வந்து புறப்பட்ட இடத்தையே அடைவது இயல்பாக அமைந்துவிடுகிறது.

தீவு சிறியது. நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், அகலம் 45 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஈரோடு போகும் தூரம்தான் அதன் முழு நீளமும். இதைக் கேட்டதும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. கடற்கரைச் சாலை ஊர்களுக்குள் நுழைந்து நெளிந்து செல்கிறது. பேருந்துகள் அடிக்கடி நின்று செல்கின்றன. கரும்பு வெட்டும் காலத்தில் லாரிகளின் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். நான்கு நாட்களாவது ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

புறப்படும் முன்: தாள்களும் பயிற்சியும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சுற்றுலாவுக்காகச் செல்லும்போது முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பி வருவதற்கான பயணச்சீட்டும், தங்குமிடம் பதிவு செய்ததற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். சேலம் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று உங்கள் முகவரி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும், ஓராண்டுக்குச் செல்லும். நம் உரிம அட்டையில் ஆங்கிலம் இருக்கிறதே என்று இதைத் தவிர்க்க நினைக்க வேண்டாம். விபத்து ஏதும் நேர்ந்து காப்பீட்டுப் பேச்சு வரும்போது அந்தச் சிறு புத்தகம்தான் பேசும்.

இனி, பணம் செலவில்லாமல் செய்யக்கூடிய, ஆனால் பெரும்பாலானோர் செய்யாத ஒன்றைச் சொல்கிறேன். சேலத்துக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. அடிவாரம் செக்போஸ்ட்டிலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மூன்று முறையாவது அதில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்குங்கள். குப்பனூர்ச் சாலை குறுகலானது, வண்டி நடமாட்டமும் குறைவு. மொரீஷியஸின் சமாரெல் மலைச்சாலைக்கு அதுவே நெருங்கிய ஒப்பு.

இந்தப் பயிற்சியில் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். இறங்கி வரும் வண்டிகளில் சிலவற்றின் சக்கரத்திலிருந்து மெல்லிய புகையும், பிரேக் லைனிங் கருகும் காரமான வாடையும் வரும். நான்காவது கியரில் போட்டுவிட்டு, இருபது வளைவிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தவர்களின் வண்டிகள் அவை. இரண்டாவது, ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்ற மலைப்பாதை ஒழுங்கை உடம்பில் ஊற வைத்துக்கொள்வது. மூன்றாவது, ஹாரன் இல்லாமல் ஓட்டப் பழகுவது. இங்கே வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பது கடமை. அங்கே சும்மா ஹாரன் அடித்தால் திட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒலியால் எச்சரிப்பதற்குப் பதிலாக, வேகத்தைக் குறைத்து வளைவின் உட்புறத்தைக் கண்ணால் தேடும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள். எதிர் வண்டி தெரியாத குறுகிய வளைவில் மட்டும் ஒரு சிறு ஒலி கொடுக்கலாம்.

ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொரீஷியஸின் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். உயரத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. சாலையின் அகலம்தான் சோதிக்கும்.

எப்போது போவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை படிநிலைகளாக அறிவிப்பார்கள். மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் கடைகள் அடைக்கப்படும், பேருந்துகள் நின்றுவிடும். நீங்களும் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியில் தெருவில் நின்ற கார்களை வெள்ளம் இழுத்துச் சென்றது. மே முதல் அக்டோபர் வரை வெயில் தணிந்து, மழை குறைந்து, ஓட்டுவதற்கு இதமாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிழக்குக் கரையில் காற்று பலமாக வீசும். பொழுதும் ஆறு மணிக்கு முன்பே சாய்ந்துவிடும். வெப்பமண்டலத்தில் அந்திப் பொழுது நீடிப்பதில்லை; சூரியன் இறங்கிய அரை மணியில் முழு இருட்டு. மலைச்சாலை எதுவாயினும் மாலை ஐந்துக்குள் இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. காவடி ஊர்வலங்களால் சில சாலைகள் அடைபடும் என்றாலும், அந்த நாளில் அங்கே இருக்க வாய்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். மகா சிவராத்திரியையொட்டி கிராண்ட் பாசின் ஏரியை நோக்கி மக்கள் நாள் கணக்கில் பாதயாத்திரை வருவார்கள். அந்த வாரத்தில் நடு மலைப்பகுதியில் கார் ஓட்டும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

வண்டி எடுத்தல்

சிறிய கார் போதும். பெரிய வண்டி எடுத்தால் குறுகிய சாலையில் பேருந்துக்கு வழிவிடும்போதெல்லாம் வேர்த்துப்போகும். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள்: சேதம் ஏற்பட்டால் காப்பீடு போக உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் அடங்குமா, இரண்டாவது ஓட்டுநரின் பெயரைச் சேர்த்திருக்கிறார்களா. பிணைத்தொகைக்குப் பொதுவாகக் கடன் அட்டை கேட்பார்கள். சாவி வாங்கியதும் நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும், உள்ளே பெட்ரோல் முள்ளையும் கைபேசியில் படம் பிடியுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டாம்.

சக்கர விளிம்பைக் குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்கரையில் ஒரு சிற்றூரின் வெளியே, எதிரே வந்த பேருந்துக்கு இடம் விட்டு நான் ஒதுங்கியபோது, இடப்பக்கச் சக்கரம் சாலையோரச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. அங்கே பல சாலைகளில் ஓரமண் கிடையாது. தார் முடியும் இடத்தில் கல் கட்டிய வாய்க்கால் தொடங்கிவிடுகிறது, அதை மறைத்துப் புல் வளர்ந்திருக்கும். கரும்புக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நால்வர் ஓடி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் என் மனைவியின் நெற்றியைப் பார்த்து, கைகூப்பி, “வணக்கம்” என்றார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் பேச வரவில்லை. ஆனால் தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். சுத்தமான முருகன் பெயர். ஒதுங்குவதற்கு முன் வேகத்தை முழுவதும் குறைத்து, ஓரத்தில் இருப்பது மண்ணா வாய்க்காலா என்று பார்த்து ஒதுங்குங்கள்.

ரவுண்டானாக்கள் ஏராளம். ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு முழுமையாக வழிவிட வேண்டும். முன்மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் நம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு வழக்கம் அங்கே செல்லாது. விமான நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் எம்1 விரைவுச்சாலையில் உச்ச வேகம் 110 வரை. ஊர்களுக்குள் 40 அல்லது 60. வேகக் கேமராக்கள் நிறைய உள்ளன, அபராதம் வாடகை நிறுவனத்தின் வழியாக உங்களிடமே வந்து சேரும். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 114, தீயணைப்புக்கு 115 என்ற எண்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். வரைபடத்தை இணையமில்லாமலும் இயங்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள்: தென்கரை

விமான நிலையத்திலிருந்து தென்கரை வழியே மேற்கு நோக்கிச் செல்லுங்கள். தீவைச் சுற்றிலும் பவளப்பாறை வளையம் இருப்பதால் பெரும்பாலான கரைகளில் கடல் குளம்போல் கிடக்கும். சூயாக் ஊரை அடுத்த கிரி கிரி என்ற இடத்தில் அந்த வளையம் அறுந்திருக்கிறது. அலை நேராக வந்து கரும்பாறையில் மோதுகிறது. விளிம்புக்குப் போகாதீர்கள், குளிக்க இறங்கவே கூடாது. அருகிலுள்ள ரோச்செஸ்டர் அருவிக்குக் கரும்புத் தோட்டத்துக்குள் செல்லும் கரடுமுரடான பாதை வழியே போக வேண்டும். சிறிய கார் என்றால் வண்டியை முன்பே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. அருவிக்குப் பின்னால் செதுக்கி நிறுத்திய தூண்கள்போல் பாறை நிற்கும். எரிமலைக் குழம்பு மெதுவாகக் குளிரும்போது சுருங்கி, பல பக்கத் தூண்களாக வெடித்துப் பிளப்பதால் உண்டாகும் வடிவம் அது.

வழியெங்கும் கரும்புக் காட்டின் நடுவே கருங்கற்கள் கூம்பாகக் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். இவற்றைக் கடந்து வேகமாகப் போய்விடாமல் ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். எரிமலைப் பாறை நிறைந்த நிலத்தில் உழவு ஓட வேண்டுமானால் கல்லைப் பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிக் குவித்த கைகளில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்களின் கைகளும் உண்டு. சில குவியல்கள் ஒரு வீட்டின் உயரம் இருக்கும்.

பே டு காப் அருகே மக்கோண்டே பாறையைச் சுற்றிச் சாலை கடலோரமாகச் சட்டென்று வளைகிறது. படியேறிப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் வளைவில் நிறுத்தாமல், தாண்டிச் சென்று நிறுத்திவிட்டுத் திரும்பி நடங்கள். மாலையில் ல மோர்ன் மலையடியை அடையலாம். 556 மீட்டர் உயரமுள்ள செங்குத்தான இந்தப் பாறையில்தான் தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 2008 இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக ஏற்றது. இரவு இந்தப் பக்கத்திலேயே தங்குங்கள்.

இரண்டாம் நாள்: வலத்தை விட்டு மலையேறுதல்

இன்று கடலை விட்டு உள்ளே போகிறோம். பயணத்தின் சிறந்த நாள் இதுதான் என்பேன். காலை எட்டு மணிக்குள் காஸ் நோயாலிலிருந்து சமாரெல் ஏறத் தொடங்குங்கள். செங்குத்தான ஏற்றம், இறுக்கமான வளைவுகள். முதல், இரண்டாம் கியர்களே போதும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் தாழ்ந்த கியர் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் ஏறத் தொடங்கும் முன் நீங்கள் மேலே இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நேரக் கணக்கு.

மேலே சமாரெலின் ஏழு வண்ண மண்மேடு இருக்கிறது. சேலத்துக்காரர்கள் இதை வேறு கண்ணோடு பார்க்க முடியும். சேர்வராயன் கோயில் இருக்கும் மலை உச்சியின் செம்மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மலை எரிமலை கக்கியதன்று. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான சார்னகைட் பாறை, வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மொரீஷியஸோ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து எழுந்த பசால்ட் என்ற எரிமலைப் பாறை. பிறப்பில் இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் வெப்பமும் மழையும் இரண்டையும் ஒரே விதமாகப் பதப்படுத்தியிருக்கின்றன. காலங்காலமாகப் பெய்த மழை பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் எஞ்சின. சேர்வராயன் உச்சியில் அது பாக்சைட் என்ற அலுமினியத் தாது ஆயிற்று; சமாரெலில் சிவப்பு, பழுப்பு, ஊதா என்று நிறம் நிறமாகப் பிரிந்து நிற்கிறது. வேலிக்கு வெளியே நின்று, கீழே குனிந்து பார்த்தால், மழைநீர் வகிர்ந்த சிறு சிறு வரப்புகளில் நீலம் கலந்த ஊதாவும் துருச்சிவப்பும் ஒன்றோடொன்று கலவாமல் அடுத்தடுத்துக் கிடப்பது தெரியும்.

சமாரெலில் காப்பியும் விளைகிறது; ஏற்காட்டுக் காப்பி குடித்து வளர்ந்தவர்கள் ஒரு கோப்பை குடித்து ஒப்பிடலாம். ரம் காய்ச்சும் இடமும் உண்டு. ஓட்டுபவர் அதைச் சுவை பார்க்க வேண்டாம். இன்னும் பாதி மலைச்சாலை மீதியிருக்கிறது.

அங்கிருந்து 1994 இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்கா வழியாகச் சாலை மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. பள்ளத்தாக்கு பார்வைமுனையிலும் அலெக்சாண்டிரா அருவியிலும் நிறுத்துங்கள். குரங்குகள் வரும், கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும். சிறுகொய்யா பழுக்கும் காலத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் சாலையோரம் வண்டிகளை நிறுத்திப் பழம் பறிப்பார்கள், குழந்தைகள் புதருக்குள்ளிருந்து திடீரென்று சாலைக்கு வருவார்கள். நவம்பர் மாத ஏற்காட்டைப் போல் மூடுபனி இறங்கினால் ஹை பீம் போடாதீர்கள், தாழ்விளக்கே வழிகாட்டும்.

அடுத்து கிராண்ட் பாசின். எரிமலை வாயில் தேங்கிய ஏரி, கரையில் கோயில்கள், வாசலில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை. அங்கிருந்து போயா ஷெரி தேயிலைத் தோட்டங்களைக் கடந்து கியூர்பிப் நகரை அடைந்தால், ஊர் நடுவிலேயே துரூ ஓ செர்ஃப் எரிமலை வாய் இருக்கிறது. வாயின் விளிம்பைச் சுற்றிச் சாலை போட்டிருக்கிறார்கள். உள்ளே இப்போது மரங்கள் அடர்ந்திருக்கின்றன. அதே விளிம்பில் நின்று வடக்கே பார்த்தால் ஆங்காங்கே பல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மலைகள் தெரியும். தொடக்கத்தில் இருந்த பேரெரிமலையின் சிதைந்த ஓரங்கள்தான் அவை. காலையிலிருந்து நீங்கள் வளைந்து வளைந்து ஏறி வந்த வழி முழுவதும் எரிமலையின் உடல் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும்.

மூன்றாம் நாள்: தலைநகரும் வடக்கும்

போர்ட் லூயிக்குள் காலை ஏழு முதல் ஒன்பது வரையிலும், மாலை நான்கு முதல் ஆறு வரையிலும் நுழைய வேண்டாம். வேலைநாளில் பத்து மணியளவில் போய், துறைமுகப் பகுதி வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடங்கள். ஆப்ரவாசி காட் என்ற குடியேற்றக் கூடம் அங்கேதான் உள்ளது. 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்த வழியாகத் தீவுக்கு வந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் மிதித்தேறிய பதினாறு கற்படிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதைக் குறைக்க வேண்டாம். சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலும் இதே நகரில் உள்ளது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைத் தேடிப் பாருங்கள், இருக்கும். சாலையோரத்தில் விற்கும் ‘காத்தோ பிமாங்’ நம் பருப்பு வடையின் தங்கை. ‘பிரேட் முரும்’ என்று கேட்டால் முருங்கைக்கீரை கிடைக்கும்.

பிற்பகலில் பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம், பிறகு வடமுனையில் சிவப்புக் கூரைத் தேவாலயம் நிற்கும் காப் மலேரோ. வடக்கு சமதளம், ஓட்டுவது எளிது, அதைப் பற்றிச் சொல்ல வேறில்லை. கடற்கரையில் வண்டியை நிறுத்தும்போது பைகளை வெளியே தெரியும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நான்காம் நாள்: கிழக்குக் கரை

போஸ்ட் லஃபாயெத்தில் எரிமலைக் குழம்பு கடலுக்குள் இறங்கி உறைந்த கரும்பாறைகளைக் காணலாம். பெல் மார் மணற்கரையைக் கடந்து தெற்கே போகப் போகச் சாலை கடலை ஒட்டியே செல்கிறது. பல இடங்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கும் நீருக்கும் இடையே ஒரு தாழ்ந்த சுவர்தான். தொடக்கத்தில் சொன்ன வலத்திசையின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரியும். 1598 இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கிய வியூ கிராண்ட் போர்ட்டைத் தாண்டி மஹேபூர்க் வந்தால், விமான நிலையம் பக்கம்தான். அன்று திங்கட்கிழமையாக இருந்தால் மஹேபூர்க் சந்தையைப் பார்த்துவிட்டுச் செல்லலாம்.

வண்டியை ஒப்படைக்கும் முன் கடைசி பெட்ரோல் பங்க்கில், வாங்கியபோது இருந்த அளவுக்கு நிரப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி நான்கு பக்கமும் சக்கர விளிம்பும் படம் எடுங்கள். நிறுவனத்தின் ஆள் உங்களோடு வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, சேதமில்லை என்று தாளில் கையெழுத்திட்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். விமான நேரம் நெருங்குகிறது என்று அவசரப்படாமல் இருக்க, மூன்றரை மணி நேரம் முன்பே அங்கே போய்ச் சேருங்கள்.